கூண்டுக்குள் நுழையாத பூனை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் பூனையின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் பட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தான்; பூனையோ தானே வந்தது. களஞ்சியங்களில் தானியம் குவிந்தது. தானியத்தை நாடி எலிகள் வந்தன. எலிகளை நாடி ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகள் மனிதக் குடியிருப்பின் ஓரத்தில் வந்து தங்கின. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனின் அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தனை நெடுங்கால உறவுக்குப் பின்னரும், மனிதக் கை படாமல் வளர்ந்த ஒரு பூனை, மனிதனைக் கண்டால் புலியைக் கண்டதுபோல் ஓடுகிறது. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பின்னர் எளிதில் பழகுவதில்லை. அது காட்டு விலங்கன்று. ஆயினும் வீட்டு விலங்கும் அன்று. வீட்டுப் பூனையின் குருதியும் காட்டுப் பூனையின் ஐயப்பாடும் ஓருடலில் கூடி நிற்கும் உயிர் அது.

பழந்தமிழர் இவ்விலங்கை நன்கு அறிந்திருந்தனர். வெருகு, பூசை என்னும் சொற்கள் இலக்கியத்தில் பயில்கின்றன. தொல்காப்பிய மரபியல், குட்டி என்னும் இளமைப் பெயருக்கு உரியனவாக மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகியவற்றை ஒருங்கே வைத்து உரைக்கின்றது. ‘வெரு’ என்றால் அச்சம். வெருகு என்னும் பெயரைக் கேட்கும் மாணவர் சிலருக்கு அச்சொல் நினைவுக்கு வரலாம். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்பு காண்பது ஆகாது எனினும், அப்பெயர் இவ்விலங்கின் இயல்புக்குப் பொருந்துகிறது என்பதில் ஐயமில்லை. பொறிகளுக்கும் தமிழில் பழம்பெயர்கள் உண்டு. பெரிய கற்பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன்கீழ் வரும் புலியை நசுக்கிக் கொல்லும் பொறிக்கு அடார் என்று பெயர். உயிரோடு பிடிப்பதற்கான கருவியன்று அது. பழங்காலப் பொறிகளுட் பெரும்பாலானவை கொல்லுவதற்கென்றே ஆனவை. பொறியின் நோக்கம் மாறிய வரலாற்றைத்தான் இக்கட்டுரை சிங்கப்பூர்ப் பூனைகளை முன்னிட்டுக் காண முயல்கிறது.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் கிடங்குகள் வரிசையாக நின்றன. அரிசியும் கொப்பரையும் மிளகும் தொங்கான்களில் ஏற்றியிறக்கப்பட்டன. சரக்கு உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பூனையைத் துரத்துவார் இல்லை. கம்பங்களிலும் அவ்வாறே. அத்தாப்புக் கூரை வீடுகளின் அடியிலும் கோழிக் கூட்டின் அருகிலும் பூனைகள் யாருக்கும் உரியனவாகவும் யாருக்கும் உரிமையற்றனவாகவும் வாழ்ந்தன. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் கம்பத்து மக்கள் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். ஆற்றைத் தூய்மையாக்கும் பணி 1977இல் தொடங்கி 1987இல் நிறைவெய்தியது. 1983இல் தொங்கான்களும் ஆற்றை விட்டகன்றன. மனிதருக்கு மாற்றுவீடு கிடைத்தது. பூனைக்கு அத்தகைய ஒதுக்கீடு ஏதும் இல்லை. அது புளோக்குகளின் கீழ்த்தளத்திலும், வடிகால்களிலும், காப்பிக் கடைகளின் பின்புறத்திலும் தனக்கென இடம் தேடிக்கொண்டது.

பின்னர் நிகழ்ந்தவற்றுள் ஒன்று சற்று நகைப்புக்குரியது. கழக வீடுகளில் பூனை வளர்த்தல் 1989 முதல் தடை செய்யப்பட்டது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைத்தல் அரிது. வெளியே உலவும் பூனை முடி உதிர்க்கும், பொதுவிடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தி அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் என்பன கூறப்பட்ட காரணங்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1991இல், சுற்றுலாத் துறையினர் அதே பூனையைத் தம் சின்னமாகத் தேர்ந்தெடுத்தனர். ‘சிங்கப்பூரா’ என்னும் பெயரில் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த சிற்றினப் பூனைக்கு, மலாயில் பூனை எனவும் அன்பு எனவும் பொருள்படும் இரு சொற்களை இணைத்துக் ‘குச்சிந்தா’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஆற்றங்கரையில் கவனாக் பாலத்தருகே வெண்கலப் பூனைகள் அமர்த்தப்பட்டன. சிலையாகிய பூனைக்கு ஆற்றங்கரையில் இடமுண்டு. உயிருள்ள பூனைக்கு வீட்டில் இடமில்லை. அந்தச் சிற்றினத்தின் மூதாதையர் சிங்கப்பூர்த் தெருக்களில் பிறந்தவைதாமா என்னும் கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. மூன்று பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டு, மறுபடியும் அங்கே கொண்டுசெல்லப்பட்டவை என்று ஆவணங்கள் காட்டின.

வெண்கலப் பூனை குட்டி ஈனுவதில்லை. உயிருள்ள பூனையோ ஆறு திங்களில் பருவமடைகிறது. ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் ஈனுகிறது. ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈனவும் கூடும். எண்ணிக்கை பெருகியபோது முறையீடுகள் பெருகின. முறையீடு வந்தால் ஆள் வரும், கூண்டு வரும், பூனை பிடிபடும். பிடிபட்ட பூனை கொல்லப்படும். நெடுங்காலம் இதுவே நடைமுறையாக இருந்தது.

இந்நடைமுறையின் உள்ளே ஒரு பிழை மறைந்திருந்தது. கூண்டு கொண்டுவரும் ஆளிடம் எந்தப் பூனை முதலில் அகப்படும்? மனிதரை நம்பிய பூனைதான். காப்பிக் கடை மேசையின் கீழ்ப் படுத்திருப்பது, பள்ளி செல்லும் சிறுவர் தடவிக் கொடுக்க நின்று கொடுப்பது, ‘மியாவ்’ என்று அழைத்தால் வாலை உயர்த்திக்கொண்டு வருவது ஆகியவையே அகப்படும். வடிகாலுக்குள் பதுங்கி, நள்ளிரவில் மட்டும் வெளிவந்து, மனித நிழல் பட்டாலே மறையும் பூனை அகப்படாது. ஆகவே பழகிய பூனைகள் அழிய, அஞ்சிய பூனைகள் எஞ்சின. எஞ்சியவை ஈன்றன. தாயின் அச்சத்தைக் குட்டிகளும் கற்றன. இடம் வெறுமையானதால் உணவும் மிகுந்தது. பக்கத்து வட்டாரப் பூனைகளும் வந்து சேர்ந்தன. சில திங்களில் மீண்டும் முறையீடு, மீண்டும் கூண்டு. மனிதரை நம்பியதற்கு உயிரையே விலையாகத் தரும் நிலையில் ஒரு விலங்கினத்தை வைத்தால், அவ்வினத்தில் நம்பிக்கையற்றவையே பெருகும் என்பது வியப்பன்று.

வேறு வழி உண்டு என்பதை மேலைநாட்டார் சிலர் முன்னரே காட்டியிருந்தனர். இங்கிலாந்தில் இரும்புப் பற்களால் காலைக் கவ்வும் பொறி நெடுநாள் வழக்கில் இருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. தடை 1958இல் நடைமுறைக்கு வந்தது. 1960களிலும் 1970களிலும் இலண்டனில் தன்னார்வலர் சிலர், கைவிடப்பட்ட கட்டடங்களிலும் தொழிற்கூடங்களிலும் திரிந்த பூனைகளைக் கம்பிக் கூண்டுகளில் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டனர். ஒப்பனை உலகில் புகழ்பெற்றிருந்த சீலியா ஆமண்டு என்னும் அம்மையார் அவர்களுள் ஒருவர். ஆடை விளம்பரங்களில் தோன்றிய அவர் இரவெல்லாம் இருட்டறைகளில் கூண்டருகே காத்துக்கிடந்தார் என்பது அக்காலத்தவர்க்குப் புதுமையாக இருந்தது. 1980இல் விலங்குநலத்துக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, திரியும் பூனைகளைப் பற்றி ஒரு கருத்தரங்கே நடத்தியது. தன்னார்வலர் செய்துவந்த பணி அறிஞரின் ஆய்வுக்குரியதாயிற்று. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, உரிமையாளரின்றி வாழும் பூனைகளுக்கு அவை வாழும் இடத்திலேயே வாழும் பாதுகாப்பையும் கருத்தடையையும் அது வகுத்தது.

சிங்கப்பூரில் இம்முறை 1998இல் வந்தது. அப்போதைய முதனிலை உற்பத்தித் துறை, தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிடித்தல், கருத்தடை செய்தல், திரும்ப விடுதல் என்னும் மூன்றும் அதில் அடங்கின. அடுத்த ஆண்டில், 1999இல், பூனை நலச் சங்கம் தோன்றியது. இத்துறை 2000ஆம் ஆண்டில் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையமாக மாறிய பின்னரும் திட்டம் தொடர்ந்தது. கருத்தடை செய்யப்பட்ட பூனைக்கு இடக்காதின் நுனி சிறிதளவு நேராக வெட்டப்பட்டது. மயக்க நிலையிலேயே செய்யப்படும் இச்சிறு வெட்டு, தொலைவிலிருந்தே காணத்தக்க அடையாளம். ஒரே பூனையை இருமுறை கத்திக்கு உள்ளாக்காமல் காப்பது.

ஏட்டில் எழுதுவது எளிது. பூனையைப் பிடிப்பது எளிதன்று. இவ்வரலாற்றின் நடுவில் நிற்கும் அந்தக் கூண்டையும், அதனருகே நிகழ்வனவற்றையும் சற்று விரிவாகக் காண்பது தகும்.

கூண்டு எளிய கருவியே. கம்பி வலையால் ஆன நீண்ட பெட்டி. ஒரு முனை திறந்திருக்கும், மறு முனை மூடியிருக்கும். மூடிய முனையில் உணவு. அதற்குச் சற்று முன்னே தரையில் ஒரு மிதிதட்டு. உணவை நாடி உள்ளே செல்லும் பூனை தட்டை மிதித்ததும் கொக்கி விடுபட்டு, பின்னால் கதவு விழும். உடலில் எதுவும் படாது. பசித்த, அறியாப் பூனைக்கு இது போதும். முதல் நாள் உணவிடாமல் நிறுத்தி, மறுநாள் சார்டினோ சூரை மீனோ வைத்தால் அரை மணியில் அகப்பட்டுவிடும்.

எச்சரிக்கை மிகுந்த பூனையின் செய்தி வேறு. அது கூண்டைச் சுற்றி வரும், முகரும், தலையை மட்டும் நீட்டும், பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றியபடியே கழுத்தை எட்டி நீட்டி உணவின் ஓரத்தை நக்கிவிட்டு விலகும். தட்டைத் தாண்டிக் கால் வைக்கும் கூர்மையும் சிலவற்றுக்கு உண்டு. ஒரு முறை கதவு விழும் ஓசையைக் கேட்டு உடன்பிறப்பு உள்ளே துடித்ததைக் கண்டுவிட்ட பூனை, அந்தக் கம்பிப் பெட்டியைத் திங்கள் கணக்கில் மறவாது. எல்லாப் பூனைகளையும் பிடித்துவிட்ட வட்டாரத்தில் ஒன்று மட்டும் எஞ்சி நிற்கும். பெரும்பாலும் அது பெண்பூனையாகவே இருக்கும். பலமுறை ஈன்று, பல இடர்களைக் கடந்து, ஐயத்தையே அறிவாகக் கொண்ட தாய். அந்த ஒன்று தப்பினால் ஓராண்டில் வட்டாரம் பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்புண்டு.

அத்தகைய பூனையைப் பிடிக்க விரைவு உதவாது, பழக்கம் வேண்டும். கூண்டின் கதவை நூலால் கட்டித் திறந்தே வைத்து, நாள்தோறும் அதே வேளையில் அதன் அருகே உணவு வைப்பர். முதலில் கூண்டுக்கு வெளியே. சில நாள் கழித்து வாயிலில். பின்னர்ச் சிறிது உள்ளே. அதன்பின் கடைசி முனையில். கம்பி பாதத்தில் உறுத்தாதவாறு தரையில் செய்தித்தாளோ அட்டையோ விரிப்பர். மிதிதட்டும் அதனடியில் மறையும். காற்றில் தாள் படபடத்தால் அன்றைய முயற்சி வீண். புதிய கம்பியின் மணத்தையும் முந்தைய பூனையின் அச்ச மணத்தையும் போக்கக் கூண்டைக் கழுவி வெயிலில் உலர்த்துவர். பழைய துணியால் மேலே மூடி, புதர் அல்லது சுவரோரத்தில் வைத்தால் பூனைக்கு அது பொந்துபோல் தோன்றும். இவ்வாறு ஒரு வாரமோ இரண்டு வாரமோ சென்றபின், ஒரு நாள் மாலை, கட்டிய நூலை அவிழ்த்துவிட்டு விலகி நிற்பர்.

அதுவும் பயனளிக்காதபோது வேறொரு முறை உண்டு. அகன்ற சட்டத்தில் வலை கட்டி, ஒரு பக்கத்தைக் குச்சியால் முட்டுக் கொடுத்து உயர்த்தி, அதன்கீழ் உணவு வைப்பர். குச்சியில் கட்டிய நீண்ட கயிறு, தொலைவில் தூணின் பின்னால் நிற்பவர் கையில் இருக்கும். நுழையவேண்டிய குறுகிய வாயில் இதில் இல்லை. ஆதலால் கூண்டுக்கு அஞ்சும் பூனையும் இதன்கீழ் வந்து உண்ணும். எந்தப் பூனை வந்திருக்கிறது, காதுநுனி வெட்டப்பட்டதா, பாலூட்டும் தாயா என்று பார்த்துக் கயிற்றை இழுக்கலாம், இழுக்காமலும் விடலாம். பழந்தமிழரின் அடாருக்கும் இதற்கும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முட்டுக் கொடுத்த குச்சி ஒன்று, மேலே சாய்ந்த பலகை ஒன்று. அங்கே விழுவது கல். இங்கே விழுவது இலேசான வலை.

கதவு விழுந்த பின்னர்த்தான் கருணைக்கு உண்மையான சோதனை. அகப்பட்ட பூனை கம்பியில் மோதும். மூக்கில் குருதி வரும்வரை மோதுவதும் உண்டு. உடனே கனத்த துணியால் கூண்டை முழுதும் மூடினால், இருட்டில் அது அடங்கிவிடும். அன்பு மிகுதியால் கையை உள்ளே நீட்டித் தேற்ற முயல்வது பேதைமை, கடி உறுதி. கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குச் சென்று உறங்குவது அதனினும் பெருங்குற்றம். வெயிலும் மழையும் நாயும் எறும்பும் கூண்டில் அடைபட்ட உயிரைச் சும்மா விடா. பாலூட்டும் தாய் அகப்பட்டால் குட்டிகள் எங்கோ பசித்துக் கிடக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். மருத்துவரிடம் கொண்டுசென்று, அறுவை முடிந்து, மயக்கம் முற்றும் தெளிந்து, ஓரிரு நாள் கழித்து, பிடித்த அதே இடத்தில் கதவைத் திறந்துவிடுவர். பூனை திரும்பிப் பார்க்காது. நன்றியை எதிர்பார்ப்பவர்க்கு இப்பணி ஏற்றதன்று.

இத்தனையையும் செய்ய வல்லவர் யார்? கூலிக்குப் பூனை பிடிப்பவர் இரண்டு வாரம் கூண்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திரார். எந்தப் பூனை எந்த வடிகாலிலிருந்து வரும், எத்தனை மணிக்கு வரும், எதை உண்ணும், எதற்கு அஞ்சும் என்பதை அறிந்தவர், நாள்தோறும் அந்திவேளையில் உணவிட்டு வந்தவர் மட்டுமே. அவர்களுட் பலர் முதிய பெண்டிர். அண்டை வீட்டாரால் பித்தர் என்று எள்ளப்பட்டவர். உணவுத் தாளைச் சிதறவிட்டதற்காக ஏச்சுக் கேட்டவர். பூனைகள் பெருகுவதற்கே இவர்கள்தாம் காரணம் என்று கருதிய ஒரு காலம் இருந்தது. பெருகாமல் தடுப்பதற்கும் இவர்களையே நாடவேண்டியிருந்தது என்பது 1998க்குப் பின் தெரியவந்த செய்தி.

திரும்ப விடும் இம்முறை எல்லா இடத்துக்கும் பொருந்துமென்று சொல்வதும் நேர்மையன்று. மனிதரற்ற தீவுகளில், தரையில் கூடுகட்டும் பறவைகளுக்குப் பூனை கூற்றுவனாகும். தென்னாப்பிரிக்காவுக்குரிய மேரியன் தீவில் 1949இல் எலி பிடிப்பதற்காக ஐந்து பூனைகள் விடப்பட்டன. கால் நூற்றாண்டில் அவை ஈராயிரத்துக்கும் மேலாகப் பெருகி, ஆண்டுதோறும் பல இலட்சம் கடற்பறவைகளைக் கொன்றன. 1977இல் நோய்க்கிருமி பரப்பப்பட்டது. 1986 முதல் வேட்டை நடந்தது. இறுதிக் கட்டத்தில் பொறியும் சேர்ந்தது. 1991இல்தான் முடிவு கண்டனர். கலிபோர்னியாவை அடுத்த சான் நிக்கோலாசுத் தீவில் 2009இலும் 2010இலும் வேறு வகையாகச் செய்தனர். மெத்தை பொருத்திய காற்பொறிகளை வைத்து, பொறி மூடியதும் செய்தி தரும் மின்னணுக் கருவிகளை இணைத்து, விரைந்து சென்று பூனையை விடுவித்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் உயிரோடு பெருநிலத்துக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றன. இவ்விரு தீவுகளிலும் காலத்தையும் உழைப்பையும் மிகுதியாக விழுங்கியவை கடைசியில் எஞ்சிய சில பூனைகளே. சிங்கப்பூர்ப் புளோக்கின் வடிகாலில் பதுங்கும் அந்த ஒரு தாய்ப்பூனையை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். திட்டம் தொடங்கி ஐந்தாண்டு நிறையும் வேளையில், 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சார்ஸ் நோய் இந்நாட்டைத் தாக்கியது. 238 பேர் நோயுற்றனர். 33 பேர் உயிர்நீத்தனர். மருத்துவரும் தாதியரும் அவர்களுள் இருந்தனர். நாடெங்கும் அச்சம் சூழ்ந்தது. நாடெங்கும் தூய்மை இயக்கம் நடந்தது. மே மாத இறுதியில், தென்சீனத்துச் சந்தை ஒன்றில் விற்கப்பட்ட முகமூடி மரநாய்களிடம் சார்ஸ் கிருமியை ஒத்த கிருமி காணப்பட்டதாக ஆங்காங் ஆய்வாளர் அறிவித்தனர்.

ஈண்டுச் சொல்லொன்றின் ஆற்றலை ஆசிரியர்கள் கருதிப் பார்க்கலாம். அவ்விலங்கினத்தை ஆங்கிலத்தில் பூனை என்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குவர். தமிழிலும் அவ்வினத்தின் ஒரு வகை புனுகுப்பூனை. உண்மையில் அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதே இனத்தின் மற்றொரு வகையைத் தமிழர் மரநாய் என்கின்றனர். அது நாயும் அன்று. மரநாய் என்னும் பெயரைக் கேட்டு நாய்களை ஐயுறுவார் இலர். பூனை என்னும் பெயரைக் கேட்டவர் பலர் கீழ்த்தளத்துப் பூனையைத் திரும்பிப் பார்த்தனர். பூனைகளுக்கும் அக்கிருமி தொற்றக்கூடும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர் அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டது உண்மையே. ஆய்வுக்கூடத்தில் கிருமி செலுத்தப்பட்ட பூனைகள் அவை. தெருப்பூனைகள் மனிதருக்கு நோயைப் பரப்பின என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிருமியின் மூல இருப்பிடம் குதிரைலாட வெளவால்கள் என்பது 2005இல் புலப்பட்டது.

அதற்குள் செய்யவேண்டியவை செய்யப்பட்டுவிட்டன. தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டம் 2003இல் நிறுத்தப்பட்டது. கூண்டுகள் மறுபடியும் பழைய நோக்கத்துக்குத் திரும்பின. அச்சம் நாட்டை ஆண்ட நாள்களில் எடுத்த முடிவை இன்று அமைதியாக அமர்ந்து குறை கூறுவது எளிது. மருத்துவமனைகளில் உயிர்கள் பிரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஆயினும் அதன் விளைவை மறைப்பதற்கில்லை. ஐந்தாண்டுக் காலம் பொறுமையோடு கூண்டுக்குப் பழக்கி, கருத்தடை செய்து, காதில் அடையாளமிட்டு விடப்பட்ட பூனைகளுக்கு அந்த அடையாளம் இனிக் காப்பாக இல்லை. உணவிடுபவர் குரலுக்கு ஓடிவரக் கற்றிருந்தவையே முன்போல் எளிதில் அகப்படத்தக்கவை. இனி ஈனாது என்று உறுதி செய்யப்பட்ட பூனை போய், ஈனக்கூடிய பூனை வடிகாலில் எஞ்சியது. அந்தியில் உணவோடு வந்து, அழைத்துப் பார்த்து, எவையும் வாராதது கண்டு நின்றவர்களின் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர்களுட் சிலர் பணியை விட்டனர். வேறு சிலர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தொடர்ந்தனர். கூண்டுக்குப் பழக்கும் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. முறையீடு வந்த இடத்தில் நகர மன்ற அலுவலரிடம் சென்று, கொல்வதற்கு முன் எங்களைக் கேளுங்கள் என்று பேசும் வழக்கமும் வளர்ந்தது. 2011இல் ஆணையமும் பூனை நலச் சங்கமும் கருத்தடைச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் புதிய திட்டம் ஒன்று வந்தது. 2012இல் சோங் பாங் வட்டாரத்தில், அவ்வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் கா. சண்முகம் அவர்களின் ஆதரவோடு, கழக வீட்டில் பூனை வளர்ப்பதற்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. பூனைக்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும், அடையாள நுண்சில்லு பொருத்தியிருக்க வேண்டும் என்பன அதன் விதிகள். ஆணையம் 2019இல் கலைக்கப்பட்டு, விலங்குப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் வந்தது.

2024 செப்டம்பர் முதல் நாளில் கழக வீடுகளுக்கான தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரு பூனைகள்வரை வளர்க்கலாம். உரிமமும் நுண்சில்லும் வேண்டும். விதிகளுக்கு உட்பட மக்களுக்கு 2026 ஆகஸ்டு 31 வரை கால அவகாசம் அறிவிக்கப்பட்டது. அதே நாளில் தெருப்பூனைகளுக்கான புதிய திட்டமும் தொடங்கப்பட்டது. பிடித்தல், கருத்தடை செய்தல், இயன்றால் வீடொன்றில் சேர்த்தல், இயலாதபோது திரும்ப விட்டுக் கண்காணித்தல் என்பன அதன் படிகள். 1998இல் இருந்ததைவிட இதில் ஒரு படி கூடுதல். பழகிய பூனைக்கு இப்போது வீடு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. முன்னர் முதலில் அகப்பட்டுக் கொல்லப்பட்டது அதுதான்.

அஞ்சும் பூனைக்கு வீடு கிடைக்காது. அது அதனை வேண்டவும் இல்லை. அதனைப் பிடிக்கும் முறையிலும் பெரிய மாற்றம் ஏதும் நேரவில்லை. புளோக்கின் பின்புறம், வடிகாலை ஒட்டிய புல்தரையில், துணி போர்த்திய கூண்டு ஒன்று கதவு கட்டப்பட்டுத் திறந்தபடி கிடக்கிறது. உள்ளே சிறிது சூரை மீன். தூணின் பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார். காதுநுனி வெட்டப்பட்ட பூனைகள் மூன்று முன்னே வந்து, தமக்குரிய உணவைத் தனியே உண்கின்றன. இரு காதும் முழுமையாக உள்ள சாம்பல்நிறப் பெண்பூனை வடிகாலின் விளிம்பில் நின்று பார்க்கிறது. நேற்று அது கூண்டின் வாயில்வரை வந்து சென்றது.